தெருவில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பாருங்கள்

நகரத்தின் நடுப்பகுதி ஒரே நாளில் செத்துவிடாது. முதலில் கடைகளுக்கு மேல் மாடியில் குடியிருந்தவர்கள் புறநகருக்குப் போவார்கள், அவர்கள் போனதும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது, ஆள் இல்லாத தெருவில் யாருக்காகத் திறந்து வைப்பது என்று கடையும் சீக்கிரமே சாத்தப்படும், கடைசியில் பகலில் வேலைக்கு வந்து போகிறவர்கள் வண்டி நிறுத்துகிற இடமாக மட்டும் அது மிஞ்சும். வண்டி வர வசதி இல்லாததால்தான் இப்படி ஆச்சு என்று சொல்லி சாலையை அகலப்படுத்துவதுதான் இதற்குப் பல காலமாகச் செய்துவந்த வைத்தியம். அகலமான சாலையைப் பார்த்ததும் இன்னும் நிறைய பேர் வண்டியை எடுப்பார்கள். கொஞ்ச வருடத்தில் பழைய நெரிசல்தான்.

1968-இல் டீட்ரிச் பிரேஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் இதைவிட விநோதமான ஒன்றைக் காட்டினார். ஏற்கெனவே இருக்கும் சாலைகளோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தால், சில அமைப்புகளில் எல்லாருடைய பயண நேரமும் கூடிவிடும்! ஒவ்வொருவரும் தனக்கு எது குறுக்குவழி என்று மட்டும் பார்த்து வண்டியைத் திருப்புவதால் வரும் வினை இது. அப்படியானால் ஒரு சாலையை மூடினால் போக்குவரத்து சீராகவும் வாய்ப்பு உண்டு. எந்தச் சாலையை என்பதுதான் கேள்வி, அதைக் கணக்குப் போட்டு மட்டும் கண்டுபிடித்துவிட முடியாது, மூடிப் பார்த்தால்தான் தெரியும்.

நியூயார்க்கில் 2009-இல் டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டிய பிராட்வே சாலையில் அதைத்தான் செய்தார்கள். கருங்கல் பதிக்கவில்லை, நீரூற்று வைக்கவில்லை. தடுப்புகளை வைத்து வண்டிகள் வராமல் பார்த்துக்கொண்டார்கள், உட்கார்வதற்கு மலிவான மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள், அவ்வளவுதான். டாக்சிகளில் இருந்த ஜிபிஎஸ் கருவிகள் சுற்றுவட்டாரத்தில் வேகம் எப்படி மாறுகிறது என்று அளந்துகொண்டே இருந்தன. நடந்து போகிறவர்கள் விபத்தில் காயமடைவது அங்கே 35 சதவீதம் குறைந்தது. அடுத்த வருடமே இது நிரந்தரம் என்று அறிவித்துவிட்டார்கள். சரிப்படவில்லை என்றிருந்தால் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் நகரத் திட்டமிடலில் நடந்த பெரிய முன்னேற்றமே இதுதான். கட்டி முடித்துவிட்டு வருத்தப்படாமல், கட்டுவதற்கு முன்பே தப்புப் பண்ணிப் பார்த்துவிடலாம்.

இதில் மக்கள் எங்கே வருகிறார்கள்? பலர் நினைப்பது போல, கருத்துக் கேட்பது மரியாதைக்காகச் செய்கிற சடங்கு இல்லை. வரைபடத்தில் இல்லாத தகவல் மக்களிடம்தான் இருக்கிறது. ஒரு பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை இருக்கிறது என்று வரைபடம் சொல்லும். சாயங்காலம் நாலு மணி வெயில் அந்தக் கூரைக்கு அடியில் நுழைந்து நேராக முகத்தில் அடிக்கும், அதனால் எல்லாரும் பத்தடி தள்ளி ஒரு விளம்பரப் பலகையின் நிழலில்தான் நிற்பார்கள் என்பது தினமும் அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும். குழந்தையின் தள்ளுவண்டி எந்த இடத்தில் நடைபாதை மேல் ஏறாது, எந்தத் தெருவிளக்கு எரிந்தும் புண்ணியமில்லை, இதெல்லாம் அப்படித்தான்.

ஆனால் கூட்டம் போடுவதெல்லாம் பங்கேற்பு ஆகிவிடாது. மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதிய அமெரிக்கர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் இதை 8 படி உள்ள ஏணியாக வரைந்தார். கீழ்ப்படியில் மக்களைத் தலையாட்ட வைக்கிறார்கள், மேல்படியில் முடிவே அவர்கள் கையில். நடுப்படிகளில் மக்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வார்கள், செய்வார்களா என்பது வேறு விஷயம். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் மேல்படிகளை எட்டிப் பார்த்தது. எந்த வேலை முதலில் என்பதை ஒவ்வொரு பகுதியின் மக்களும் கூடி வரிசைப்படுத்தினார்கள், அந்த வரிசை, மக்கள் தொகை, ஏற்கெனவே எந்த வசதி எவ்வளவு குறைவு என்ற மூன்றையும் வைத்து நகரத்தின் முதலீட்டுப் பணம் பிரிக்கப்பட்டது. பல பகுதிகள் கேட்டது பூங்காவை இல்லை. குடிநீரையும் பாதாள சாக்கடையையும்தான்.

பசுமை விஷயத்துக்கு வருவோம், இங்கே இயற்பியல் நம் பக்கம் இருக்கிறது. புதிதாகப் போட்ட தார், மேலே விழும் சூரிய ஒளியில் 90 சதவீதத்துக்கும் மேல் விழுங்கிவிட்டு ராத்திரி முழுக்க அதை வெப்பமாகக் கக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. வேருக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கிற பெரிய மரம் ஒன்று ஒரு நாளில் 100 லிட்டர் ஆவியாக்கினால், ஒன்றரை டன் ஏசி 13 மணி நேரம் ஓடி வெளியேற்றுகிற வெப்பத்தை அது இழுத்துக்கொள்கிறது, கரண்ட் பில் கிடையாது, நிழல் வேறு தருகிறது. ஒரு மீட்டர் குழியில் சுற்றிலும் கான்கிரீட் போட்டு நட்ட மரத்திடம் இதை எதிர்பார்க்க முடியாது, பாவம், அது உயிரோடு இருப்பதே பெரிது. தண்ணீர்க் கணக்கும் எளிதுதான்: 1,000 சதுர மீட்டர் கான்கிரீட் தரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர். மண்ணில் இறங்க வழியில்லை என்றால் ஏறக்குறைய அத்தனையும் ஒரே நேரத்தில் வடிகாலுக்குத்தான் ஓடும்.

தென்கொரியாவின் சியோலில் சோங்கேச்சோன் ஓடையை மூடிப் போட்டிருந்த சாலையையும் அதற்கு மேலே சென்ற விரைவுச் சாலையையும் 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். 5.8 கிலோமீட்டர் நீளம். கோடையில் ஓடைக்கரை, பக்கத்துச் சாலையைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்கிறது. எல்லாரும் புகழ்கிற திட்டம்தான், ஆனால் தண்ணீரைப் பம்பு வைத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது, அப்புறம் அங்கே காலங்காலமாகக் கடை போட்டிருந்த நடைபாதை வியாபாரிகள் இடம்பெயர்ந்து போனார்கள். இடம் அழகானதும் வாடகை ஏறும், ஏறினால் முன்பு அங்கே இருந்தவர்கள் கிளம்ப வேண்டிவரும். வாடகைக்கு வரம்பும் வியாபாரிக்கு இடமும் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள்.

நாற்காலி விஷயத்துக்கே திரும்புகிறேன். நியூயார்க் சதுக்கங்களில் மக்கள் எப்படி உட்கார்கிறார்கள் என்று வில்லியம் வைட் என்ற நகர ஆய்வாளர் கேமரா வைத்துப் பல வருடம் கவனித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலியைப் போட்டால், வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்னால் அதைச் சில அங்குலமாவது நகர்த்துகிறார்கள், சில நேரம் நகர்த்திவிட்டு எடுத்த இடத்திலேயே வைக்கிறார்கள். வரிசையாகப் போட்ட நாற்காலிகள் சாயங்காலத்துக்குள் இரண்டிரண்டாக, நான்கு நான்காக, நிழல் போன பக்கமாகப் போய்க் கிடக்கும். கல் பெஞ்சை எங்கே பதிப்பது என்று தெரியவேண்டுமென்றால் அந்த நாற்காலிகளை அடுக்கி வைப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும்.