மூன்று மைக்கில் ஓர் ஆர்கெஸ்ட்ரா

எண்பது பேர் சேர்ந்து வாசிக்கும் சிம்பொனியை மூன்றே மைக்கில் பதிவு செய்வார்களாமே, உண்மையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். பக்கவாட்டில் இன்னும் ஓரிரண்டு மைக் சேர்ப்பதுண்டு, ஆனால் ஆதாரம் அந்த மூன்றுதான். லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் 1954 வாக்கில் உருவாக்கிய ஏற்பாடு இது, பெயரே ‘டெக்கா மரம்’. இசை நடத்துநரின் தலைக்கு மேல், தரையிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில், இடதும் வலதுமாக 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு மைக். மூன்றாவது அவற்றுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் முன்னால், வாத்தியக்காரர்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படியானால் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி வினாடி. இந்த எண் ஒன்று போதும்.

கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள், யாரையாவது உங்கள் இடப்பக்கம் நின்று விரலைச் சொடுக்கச் சொல்லுங்கள். திசை உடனே தெரிந்துவிடும். சத்தம் இடது காதை முதலில் தொட்டு, வலது காதுக்குப் போய்ச் சேர முக்கால் மில்லி வினாடிகூட ஆவதில்லை. அதற்குள் மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. சாதகமான சூழலில் ஒரு வினாடியை லட்சம் கூறு போட்டால் வருகிற ஒரு கூறு அளவு வித்தியாசத்தைக்கூட நம் காதுகள் பிடித்துவிடும். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது மலைப்பாகத்தான் இருக்கிறது.

மரம் இந்தத் திறமையைத்தான் பயன்படுத்துகிறது. இடப்பக்க வயலினின் ஒலி இடது மைக்குக்கு வந்த பிறகு, வலது மைக்குக்கு ஒரு மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது என்று வையுங்கள். இடது மைக் பதிந்தது இடது ஸ்பீக்கரில், வலது மைக் பதிந்தது வலது ஸ்பீக்கரில் என்பதால், வீட்டில் ஒலிக்கும்போது இடது ஸ்பீக்கர் 3 மில்லி வினாடி முந்திக்கொள்ளும். மூளை முதலில் வந்ததையே நம்பி, வயலின் இடப்பக்கம்தான் இருக்கிறது என்று முடிவு செய்கிறது. பின்னால் வந்த ஒலியைத் தனி எதிரொலியாகக் கேட்பதில்லை, அதை முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது, அதனால் வயலினுக்கு ஒரு செழுமை வருகிறது.

சரி, நடு மைக் எதற்கு? இரண்டு மட்டும் இருந்தால் எல்லாரும் இரண்டு ஓரத்துக்கு ஒதுங்கியது போலாகி நடுவில் பள்ளம் விழும். நடு மைக் முன்னால் நிற்பதால் எதிரே உள்ள ஓபோ என்ற குழல் வாத்தியத்தின் ஒலி அதற்குத்தான் முதலில் போகிறது. அதை இரண்டு ஸ்பீக்கருக்கும் சமமாகக் கொடுத்தால் ஓபோ நட்டநடுவில் நிலைத்துவிடும்.

ஒரு தனி வாத்தியத்தை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும் கான்செர்ட்டோவில்தான் சிக்கல். தனி வாத்தியம், உதாரணத்துக்குப் பெரிய வயலின் போன்ற செல்லோ, அமுங்காமலிருக்க அதன் பக்கத்தில் இன்னொரு மைக் வைத்தால், செல்லோவின் ஒலி அந்த மைக்குக்கு மரத்தைவிட 10 மில்லி வினாடி முன்னதாகவே போய்விடலாம். உடனே மூளை செல்லோவை அரங்கிலிருந்து பிடுங்கி நம் மூக்குக்கு நேரே உட்கார வைத்துவிடும். இப்போது அந்த மைக்கின் ஒலியை டிஜிட்டலில் அதே அளவு தாமதப்படுத்திச் சேர்த்துவிடுகிறார்கள். இந்த வசதி இல்லாத அந்தக் காலத்தில், யாரை எங்கே நிறுத்துவது என்பதிலேயே பெரும்பகுதி வேலை முடிய வேண்டும்.

1963 ஜனவரியில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘வார் ரெக்வியம்’ என்ற போர் அஞ்சலி இசைப் படைப்பு பதிவானபோது, இரு ஆண் பாடகர்களோடு நிறுத்தாமல் தன்னைக் கோரஸ் பக்கம் நிறுத்தியதற்குப் பாடகி விஷ்னெவ்ஸ்கயா பெரும் கோபம் கொண்டார். அவர் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த இசையின் அமைப்பிலேயே அவர் குரல் கோரஸோடு, சிறுவர் குரல் தூரத்தில், ஆண்கள் சிறு வாத்தியக் குழுவோடு. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், சிறுவர்கள் பாடும்போது சுவர் விலகி இன்னொரு அறை திறப்பது போலிருக்கும்.

இதையெல்லாம் கேட்கப் பல ஆயிரம் ரூபாய்க்குத் தங்க முலாம் பூசிய கேபிள் வாங்க வேண்டும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், சுத்த மூடநம்பிக்கை அது. கம்பியில் மின்சமிக்ஞை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் போகிறது, நான்கைந்து மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் காதுக்குத் தெரியாது. காற்றில் நடப்பது வேறு: ஒரு ஸ்பீக்கர் 34 சென்டிமீட்டர் பக்கத்தில் வந்தால் ஒரு மில்லி வினாடி போச்சு, ஆர்கெஸ்ட்ரா முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். தையல் டேப் ஒன்றை எடுத்து, நாற்காலியில் உங்கள் தலை இருக்கும் இடத்திலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் தூரம் அளந்து சமமாக்குங்கள். அப்புறம் அந்த ஓபோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.