பால் கட்டியை உருவி எடுக்க முடியாது

இந்த வாரம் வந்த பெண்ணின் இடது மார்பில் கட்டைவிரல் தடங்கள் நீலமாகக் கன்றிப்போயிருந்தன. யாரும் அடிக்கவில்லை. அவருடைய அம்மா விளக்கெண்ணெய் போட்டு இரவெல்லாம் உருவி விட்டிருக்கிறார். இரட்டைக் குழந்தைகள், சிசேரியன், பிறந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. அதற்குள் இது மூன்றாவது தடவை: நடுக்கத்தோடு காய்ச்சல், மார்பின் ஒரு பக்கம் சிவந்து, சூடேறி, தொட்டாலே உயிர் போகிற வலி. "வெந்நீர் ஊத்தி ஊத்தி உருவினேன் டாக்டரம்மா, கட்டி கரையவே மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. செய்ததுதான் தப்பு.

இரட்டைக் குழந்தை பெற்றவர்களிடம் இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம். பெற்றவளைவிட, அவளைச் சுற்றியிருக்கும் அம்மா, மாமியார், பெரியம்மா எல்லாரும் படித்தால் நல்லது.

முதலில் அந்தக் கட்டி. "பால் உள்ளே உறைந்து அடைத்துக்கொண்டது, அழுத்தினால் வெளியே வந்துவிடும்" என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் மட்டுமல்ல, செவிலியர்கள் சிலரும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். உங்கள் விரலில் தட்டுப்படுவது உறைந்த பால் அல்ல. மார்புக்குள் பால் குழாய்கள் மெல்லியவை, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அவற்றைச் சுற்றியுள்ள திசு வீங்கும்போது குழாய் நெருக்குண்டு குறுகுகிறது, பால் வரத்து தடைப்படுகிறது. அதாவது கெட்டியாக இருப்பது வீங்கிய சதை. வீங்கிய சதையை எங்கே உருவி எடுப்பது? அழுத்த அழுத்தச் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் உடைகின்றன, வீக்கம் இன்னும் ஏறுகிறது, குழாய் இன்னும் குறுகுகிறது. மறுநாள் கட்டி பெரிதாகி நிற்கும். "நேத்து சரியா அமுக்கல போல" என்று இன்னும் பலமாக அமுக்குவார்கள். கட்டைவிரல் போதாதென்று சீப்பின் முதுகு, சப்பாத்திக் கட்டை, இப்போது புதிதாக ஆன்லைனில் வாங்கும் மசாஜ் மெஷின் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். சுளுக்கிய காலை யாராவது சப்பாத்திக் கட்டையால் உருட்டுவார்களா?

வெந்நீரும் அப்படித்தான். வீங்கிய இடத்துக்குச் சூடு காட்டினால் இரத்த ஓட்டம் கூடி வீக்கம் கூடும். சிலருக்கு ஒரு நிமிடம் இதமாக இருக்கும், அதற்காகச் சூட்டில் குளிப்பதில் தவறில்லை. ஆனால் அதுவே வைத்தியமாகாது. ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும்: வெந்நீர் ஒத்தடமும் மசாஜும் வெகுகாலம் மருத்துவர்களே சொல்லிவந்தவைதான். அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற அமைப்பு 2022-இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, பலமான மசாஜ் வேண்டாம், ஐஸ் வையுங்கள், மார்பைக் காலி செய்யத் துடிக்காதீர்கள் என்று தெளிவாகச் சொன்னது. அது எல்லா வார்டுகளுக்கும் வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆகும் போலிருக்கிறது.

"காலி செய்யாதீர்கள்" என்றதும் எல்லாரும் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள். இரட்டைக் குழந்தை பெற்றவர்களுக்குத் திரும்பத் திரும்பப் பால் கட்டுவதன் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணின் காதில் விழுவது ஒரே கேள்விதான்: ரெண்டுக்கும் பால் பத்துமா? பெரும்பாலும் நாள் முடியும் முன்பே பிறந்துவிடும் குழந்தைகள், எடை குறைவு, சில நாளாவது இன்குபேட்டர். அங்கே குழந்தை சப்ப முடியாததால் பம்ப் வைத்துப் பால் எடுக்கச் சொல்கிறோம். அது சரி, அப்போது அது தேவை. வீட்டுக்கு வந்து குழந்தைகள் நேரடியாகக் குடிக்கத் தொடங்கிய பிறகும் பம்ப் நிற்பதில்லை. ஒவ்வொரு தடவை குடித்து முடித்ததும் "மிச்சம் இருக்கக் கூடாது" என்று இன்னொரு கால் மணி நேரம். கூடவே பூண்டு, சுறாப்புட்டு, சதாவரி பொடி, போதாக்குறைக்குப் பால் சுரக்கும் மாத்திரை.

இறைக்கிற கிணறு ஊறும் என்று சொன்னவர்கள் நம் பாட்டிகள்தான். எடுக்க எடுக்கச் சுரக்கும். மார்பில் பால் கொஞ்சம் தங்கினால்தான் "போதும், குறைத்துக்கொள்" என்ற சேதி சுரப்பிக்குப் போகும். அந்தச் சேதியைப் போக விடாமல் துடைத்துத் துடைத்து எடுத்தால் தேவைக்கு மேல் சுரந்துகொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் இரவு அசந்து தூங்கி, ஒரு வேளை தப்பினால் போச்சு, காலையில் நடுக்கல் காய்ச்சல்.

கணக்கும் பார்த்துவிடலாம். முதல் வாரம் கடந்த குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 மில்லி பால் வேண்டும். நான் சொன்ன பெண்ணின் குழந்தைகள் ஒன்று இரண்டே முக்கால் கிலோ, மற்றது இரண்டரை. இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 800 மில்லி. இரண்டு பேரும் நேரடியாகக் குடித்து நன்றாக எடை ஏறிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் தினமும் அரை லிட்டர் பம்ப் செய்து ஃப்ரீசரில் அடுக்கியிருந்தார்கள். ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்று கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

பால் போதுகிறதா என்பதற்கு அளவுகோல் ஃப்ரீசரில் இல்லை, குழந்தையிடம் இருக்கிறது. நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர், தினமும் 20 முதல் 30 கிராம் எடை. ஆளுக்கு ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள், இரட்டையரில் ஒன்றின் கணக்கு மற்றதோடு கலந்துவிடும். இரண்டும் சரியாக இருந்தால் கூடுதல் பம்ப் வேண்டாம். ஆனால் இன்றைக்கே மொத்தமாக நிறுத்திவிடவும் கூடாது, கட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் குறையுங்கள். குழந்தை குடிக்காத வேளைக்கு மட்டும், அது குடிக்கும் அளவுக்கு மட்டும் எடுங்கள். இறுக்கமாக இருந்தால் இறுக்கம் தளரும் வரை கையால் பீய்ச்சினால் போதும். பால் மாத்திரையையும் பொடியையும் தூக்கி வையுங்கள். பம்ப்பின் புனல் உங்கள் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், பெட்டியோடு வருவது எல்லாருக்கும் பொருந்தாது. வேகத்தை உச்சத்தில் வைத்தால் பால் அதிகம் வராது, காம்புதான் புண்ணாகும்.

சரி, கட்டியும் காய்ச்சலும் வந்தே விட்டது. என்ன செய்வது?

ஐஸைத் துணியில் சுற்றி பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும். பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பால் கொடுக்கும்போது சாப்பிடலாம். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஐபுப்ரோஃபெனுக்கு முன் கேளுங்கள். குழந்தைகள் கேட்கும்போது வழக்கம்போல் கொடுங்கள், கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் வேண்டாம். தொட்டே ஆக வேண்டுமென்றால் க்ரீம் பூசும் அழுத்தத்துக்கு மேல் போகாமல் அக்குள் பக்கமாகத் தடவுங்கள். இறுக்கமான பிரா வேண்டாம். படுங்கள். நிஜமாகவே படுங்கள். இரண்டு பச்சைக் குழந்தைகள் ஆளுக்கு எட்டு வேளை என்றாலே நாளுக்குப் பதினாறு வேளை. இதில் துணி துவைப்பதும் வருகிறவர்களுக்குக் காபி போடுவதும் அவள் வேலை இல்லை. இதைக் கணவர்களிடம் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்: குழந்தையைத் தூக்கிவந்து மார்பில் வைப்பது, ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, இந்த மூன்றையும் இரவில் நீங்கள் எடுத்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

"பால் கெட்டுப்போச்சு, புள்ளைக்கு ஆகாது" என்று நிறுத்தாதீர்கள். கெடவில்லை. இந்தச் சமயத்தில் பாலில் உப்பு கொஞ்சம் கூடும், அதனால் சில குழந்தைகள் முகம் சுளித்து அந்தப் பக்கம் குடிக்க மறுக்கும். அதைப் பார்த்துவிட்டு "பாத்தியா, குழந்தைக்கே தெரியுது" என்பார்கள். உப்புச் சுவை மட்டும்தான், விஷமில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது.

ஒரு நாளில் காய்ச்சலும் வலியும் தணியவில்லை என்றால், அல்லது காம்பு வெடிப்பில் சீழ் தெரிந்தால் வாருங்கள். மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். அங்கே கொடுத்தனுப்பும் வெறும் அமாக்ஸிசிலின் இதற்கு உதவாது. காரணமான ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளில் பெரும்பாலானவை அதை உடைத்துப்போடும் நொதியை வைத்திருக்கின்றன. க்ளாக்ஸசிலின் வகையோ செஃபலெக்ஸினோ 10 முதல் 14 நாள் வரை எழுதுவோம். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதியை அலமாரியில் வைத்து, அடுத்த தடவை வலிக்கும்போது அதிலிருந்து ரெண்டு போட்டுக்கொள்வது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. மூன்றாம் தடவை, நான்காம் தடவை என்று வருகிறவர்கள் பலரிடம் இந்த அரைகுறைக் கோர்ஸ்தான் முதல் சந்தேகம். அதேபோல, ஒவ்வொரு சிவப்புக்கும் ஆன்டிபயாடிக் எழுதுகிற என் சகாக்களுக்கும் ஒரு வார்த்தை: எல்லா வீக்கமும் கிருமி அல்ல. ஒரு நாள் ஐஸ் வைத்துப் பார்க்கச் சொன்னால் கிளினிக்கின் பேர் கெட்டுவிடாது.

திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த மருந்து தொடங்குமுன், எந்தக் கிருமி என்று பார்க்கப் பாலைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வழக்கமான மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமி இருந்தால் மருந்தே வேறு. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்தால் அல்ட்ராசவுண்ட். சீழ் கட்டியிருந்தால் பெரும்பாலும் ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் எடுத்துவிடலாம், பெரிதாகக் கீற வேண்டியதில்லை, பால் கொடுப்பதும் தொடரலாம். அரிதாக அந்தக் கட்டி வேறு ஏதாவதாகவும் இருக்கும். நம் ஊரில் மார்பில் காசநோய் வருவதுண்டு. புற்றுநோயும் சிவந்த மார்பாக வேஷம் போட்டு வரும். பயமுறுத்தவில்லை, மருந்துக்குக் கரையாத கட்டியை "பால் கட்டிதான்" என்று மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள் என்கிறேன்.

இரட்டையரில் ஒன்று கெட்டி, ஒன்று நோஞ்சானாக இருப்பது சகஜம். வலதுபக்கம் இவனுக்கு, இடதுபக்கம் அவளுக்கு என்று பட்டா போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நோஞ்சான் சப்பும் பக்கம் பால் தேங்கிக் கட்டிக்கொள்ளும். பக்கத்தைத் தினமும் மாற்றுங்கள். கொஞ்சம் பழகிய பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில், தலையணை வைத்து, ஆளுக்கு ஒரு கக்கத்தில் இடுக்கினாற்போல் பிடித்துக் கொடுக்கலாம். கால்கள் பின்பக்கம் போய்விடுவதால் சிசேரியன் தையலில் உதையும் விழாது. கெட்டிக்காரன் சப்பும் வேகத்தில் இரு பக்கமும் பால் இறங்கும், நோஞ்சானுக்கும் சுலபம். காம்பு மட்டும் வாயில் இருந்தால் போதாது, சுற்றியுள்ள கருவட்டமும் முடிந்தவரை உள்ளே போக வேண்டும். கருவட்டத்தைத் தினம் நாலு வேளை சோப்புப் போட்டுக் கழுவுவதை நிறுத்துங்கள், வெடிப்புக்கு அதுவும் ஒரு காரணம். வெடிப்பு வழியாகக் கிருமி நுழையலாம்.

இத்தனையும் செய்து, இனி முடியாது, நிறுத்திவிடுகிறேன் என்று ஒரு தாய் சொன்னால் நான் தடுப்பதில்லை. ஒன்றை மட்டும் புட்டிப்பாலுக்கு மாற்றினாலும் சரி, இரண்டையும் மாற்றினாலும் சரி. அவளுக்கு உபதேசம் செய்ய வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஆனால் காய்ச்சல் அடிக்கும்போது நிறுத்தாதீர்கள். தணிந்தபின் ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சிரிக்க வேண்டாம், குண்டுமல்லியைப் பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-இல் ஆய்வே வந்திருக்கிறது, இரண்டும் பாலை வற்றவைத்தன. அதனால்தான் சொல்கிறேன்: பால் தொடர்ந்து கொடுக்க நினைக்கிறவர்கள் கட்டிக்காகப் பூவைக் கட்டாதீர்கள்.

காய்ச்சல் 101-ஐத் தாண்டி இறங்காமல் இருந்தால், தலைசுற்றல், படபடப்பு, மூச்சு வாங்குதல் இருந்தால், இரண்டு மார்பும் ஒரே சமயத்தில் சிவந்தால், ராத்திரியென்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி பகலில் வந்தால் போதும். வரும்போது சாப்பிட்ட மாத்திரையின் அட்டைகள், மிச்சம் வைத்த மாத்திரைகள், பம்ப், குழந்தைகளின் எடை எழுதிய நோட்டு எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். குழந்தைகள் இரண்டையும் தூக்கி வாருங்கள், குடிப்பதைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது. சிவந்த இடத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "எந்த மாத்திரை மேடம்?" என்று கேட்டால் பதில் வராது.