“இது எங்கம்மாதாங்க, ஆதாரைப் பாருங்க”

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பெரியவருக்கு 76 வயது. கொலுசுப் பட்டறையில் காலம் முழுக்கச் சலங்கை பற்றவைத்தவர். மனைவியையும் மகனையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“டாக்டருங்க, அந்தம்மா நல்லவங்கதான், குறை சொல்லல. ஆனா எம் பொண்டாட்டி இல்லீங்க. அவள மாதிரியே இருக்காங்க. மூக்குத்திகூட அதே பக்கம்.”

மகனை உள்ளே அழைத்ததும் அவர் செய்த முதல் வேலை, அம்மாவின் ஆதார் அட்டையை எடுத்து அப்பா முன்னால் நீட்டியதுதான். பெரியவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் பார்த்தார். “போட்டோ அவளோடதுதான். அட்டைய இவங்க எடுத்து வெச்சிக்கிட்டாங்க போல.”

இதற்கு காப்க்ரா மாயநம்பிக்கை என்று பெயர். பிரான்ஸைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜோசப் காப்க்ரா 1923-இல் இதைப் பற்றி எழுதினார். மறதிநோயில், குறிப்பாக லூயி பாடி என்ற வகையில், இது வருவதுண்டு. மனச்சிதைவிலும், தலையில் அடிபட்ட பிறகும் வரலாம்.

ஆள் மறந்துபோவது வேறு, இது வேறு. இவருக்குக் கல்யாணம் நடந்த வருஷம் ஞாபகம் இருக்கிறது, மனைவிக்குப் பிடித்த மாம்பழம் எது என்று தெரிகிறது. முகத்தை மூளை சரியாகப் படிக்கிறது. ஆனால் அந்த முகத்தைக் கண்டதும் உள்ளே எழ வேண்டிய ‘நம்ம ஆள்’ என்ற உணர்வு எழுவதில்லை. சென்னை ஸ்டான்லியில் படித்து, பிறகு அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் ஹிர்ஸ்டீனும் 1997-இல் ஒரு இளைஞரைப் பற்றி எழுதினார்கள். அம்மாவை நேரில் பார்த்தால் போலி என்பார், போனில் குரல் கேட்டால் அம்மாதான் என்பார். கண்ணிலிருந்து உணர்வு மையத்துக்குப் போகும் பாதை அறுந்திருக்கலாம், காதிலிருந்து போகும் பாதை பிழைத்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

எல்லோரிடமும் இது பலிக்காது. இருந்தாலும் பெரியவரின் மனைவியை வராந்தாவுக்கு அனுப்பி, போன் போடச் சொன்னேன். “எங்கடி போயிட்ட, சாப்டியா?” என்றார் பெரியவர். கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா அழுதது எங்களுக்குக் கேட்டது.

ஒருவர் ‘அவரேதான்’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் பழைய கப்பல்தானா என்று கிரேக்கர்கள் வாதாடினார்கள். ஞாபகம் தொடர்வதால்தான் நான் நானாக இருக்கிறேன் என்றார் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக். சேலத்துக்காரர்களுக்குக் கப்பல் எதற்கு, கொலுசு போதும். பாட்டியின் கொலுசைக் கொடுத்து, “இதே வெள்ளியில பேத்திக்குச் செஞ்சு குடுங்க” என்பார்கள். பத்து வீட்டு வெள்ளியும் ஒரே மூசையில் உருகினால் எந்த வெள்ளி யாருடையது? ஆனாலும் பேத்தி காலில் போட்டதும் அது பாட்டி கொலுசு ஆகிவிடுகிறது. அந்த உறவை எடை போட்டுக் காட்ட முடியாது, ஆதார் அட்டையிலும் அச்சடிக்க முடியாது. பெரியவரிடம் அறுந்திருப்பது அதுதான். அதனால்தான் சாட்சி காட்டக் காட்ட அவர் சந்தேகம் கூடுகிறது.

ஆகவே வாதாடாதீர்கள். “நல்லாப் பாருப்பா, அம்மாதானே?” என்று தினமும் பரீட்சை வைக்காதீர்கள். முகம் காட்டுவதற்கு முன்னால் குரல் கொடுத்துக்கொண்டே அறைக்குள் போங்கள். சாயங்காலம் விளக்கை முன்கூட்டியே போடுங்கள். கண்புரை இருந்தால் கவனியுங்கள். இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது சிறுநீர்த் தொற்றாகவோ, சோடியம் குறைவாகவோ இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ‘போலி’ என்று நினைக்கும் ஆளை அடிக்கக் கை ஓங்கியவர்களும் உண்டு. வீட்டில் சுத்தியல், கத்தி இருந்தால் எடுத்து வையுங்கள்.

மாத்திரை விஷயம் முக்கியம். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் லூயி பாடி நோயாளியை அப்படியே விறைக்க வைத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்குப் போக வேண்டுமா, தாராளமாகப் போய்வாருங்கள். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அப்புறம், வீட்டில் நொறுங்கிப்போவது மனைவிதான். “அம்பது வருஷம் சோறு போட்டேன், என்னைப் போய் யாருன்னு கேக்கறாரு” என்றார். அவரிடம்தான் அதிக நேரம் பேசினேன்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். “உங்க வீட்டம்மா சாயங்காலம் வருவாங்க, அதுவரைக்கும் நான் சோறு போடறேன்னு சொல்லிடறேங்க. சாப்பிட்டுடறாரு.”

“ஏதாவது சொல்வாரா?”

“நல்லாத்தான் இருக்கு, ஆனா எம் பொண்டாட்டி ரசம் மாதிரி வரலம்பாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.