ஜெரிமாண்டர்: தொகுதித் திரிப்பு

2025 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றம் தன் 38 நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லைகளை மாற்றியது. பத்தாண்டுக் கணக்கெடுப்பு முடிந்து செய்த மாற்றம் அல்ல, நடுவில் செய்தது. குடியரசுக் கட்சிக்கு இன்னும் ஐந்து இடங்கள் கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம், அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. தடுக்க வேறு வழியில்லாமல் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இல்லினாய் மாநிலத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் இல்லாமல் அவைக்குத் தேவையான எண்ணிக்கை சேராது. இரண்டு வாரம் இழுத்துப் பார்த்தும் கடைசியில் சட்டம் நிறைவேறிவிட்டது.

இதை ஆங்கிலச் செய்திகள் 'ஜெரிமாண்டர்' என்கின்றன. தமிழில் பெரும்பாலும் 'தொகுதி மறுவரையறை' என்று எழுதுகிறோம். இலங்கைத் தமிழில் பழகியவர்களுக்கு 'எல்லை நிர்ணயம்' என்று வரும். இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் கனடாவில் இருந்துகொண்டு இந்தச் செய்தியைப் படிக்கும் எனக்கு அவை போதவில்லை. இங்கேயும் பத்தாண்டுக்கு ஒரு தடவை எல்லை நிர்ணயம் நடக்கிறது. டெக்சாஸில் நடந்ததும் அதுவும் ஒன்று என்று தமிழ் வாசகர் நினைத்துவிட்டால், செய்தியின் முக்கியமான பாதி அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

சொல் பிறந்தது 1812இல், மசச்சூசெட்ஸில். அப்போது ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி. சாதாரண ஆள் இல்லை. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1787இல் அரசியலமைப்பு உருவானபோது, குடிமக்களின் உரிமைகளுக்கு அதில் உத்தரவாதம் இல்லை என்று கையெழுத்திட மறுத்த மூவரில் ஒருவர். அவருடைய கட்சி மாநில மேலவைத் தொகுதிகளைத் தனக்கு வசதியாக வெட்டி ஒட்டி ஒரு சட்டம் கொண்டுவந்தது. மனமில்லாமல்தான் ஒப்பமிட்டார் என்று சொல்வார்கள். ஆனாலும் ஒப்பமிட்டார்.

அதில் எசெக்ஸ் மாவட்டத்தின் ஒரு தொகுதி மாவட்டத்தின் ஓரத்தைச் சுற்றி வளைந்து நெளிந்து போனது. எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளின் பக்கம் நின்ற 'பாஸ்டன் கெஸட்' 1812 மார்ச் 26ஆம் தேதி அந்த வரைபடத்துக்குச் சிறகும் நகமும் பல்லும் வைத்து ஒரு விலங்காக அச்சிட்டது. பல்லிபோலத் தெரியும் சாலமாண்டர் என்ற உயிரியின் பெயரோடு ஆளுநரின் பெயரை ஒட்டி 'கெரிமாண்டர்' என்று தலைப்பும் போட்டது. கெரி பிறந்த மார்பிள்ஹெட் ஊரும் அந்த விலங்கின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அவர் தன் பெயரைக் 'கெரி' என்றுதான் உச்சரித்தார். நாளடைவில் ஊர் வாயில் அது 'ஜெரி' ஆகிவிட்டது.

அந்த ஆண்டுத் தேர்தலில் கெரி பதவியை இழந்தார். கீழவையும் ஃபெடரலிஸ்டுகளிடம் போனது. மேலவைக்கும் அவர்களுக்கே கூடுதல் வாக்குகள் விழுந்தன. ஆனால் 40 இடங்களில் 29ஐப் பிடித்தது கெரியின் கட்சி. வரைந்த எல்லை வேலை செய்துவிட்டது. கெரி அடுத்த ஆண்டு அமெரிக்கத் துணை அதிபரானார், 1814இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அத்தனை செய்த மனிதரை இன்று உலகம் நினைப்பது இந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? 50 வாக்காளர்கள், ஐந்து தொகுதிகள், தொகுதிக்குப் பத்துப் பேர் என்று வையுங்கள். நீலக் கட்சிக்கு 30 பேர், சிவப்புக் கட்சிக்கு 20 பேர். எல்லை போடுவது சிவப்புக் கட்சி. அது இரண்டு தொகுதிகளில் நீலக்காரர்களை ஒன்பது ஒன்பதாகத் திணிக்கிறது. அங்கே நீலம் அமோக வெற்றி பெறும். மீதி 12 நீலக்காரர்களை மற்ற மூன்று தொகுதிகளுக்கும் நான்கு நான்காகப் பிரித்துவிடுகிறது. அந்த மூன்றிலும் சிவப்பு ஆறுக்கு நான்கு என்று ஜெயிக்கும். ஐந்தில் மூன்று இடங்கள் சிறுபான்மைக் கட்சிக்கு. ஒரு கள்ள ஓட்டு கிடையாது, ஒரு பெட்டி காணாமல் போகவில்லை. முதல் உத்தியைக் குவித்தல் என்றும் இரண்டாவதைச் சிதறடித்தல் என்றும் தமிழில் தாராளமாகச் சொல்லலாம்.

இந்த உத்திகளுக்கு இன்று கணினி துணை நிற்கிறது, வெட்கமும் போய்விட்டது. 2016இல் வட கரோலினாவில் எல்லைகளை வரைந்த குழுவின் தலைவர்களில் ஒருவரான குடியரசுக் கட்சியின் டேவிட் லூயிஸ், தம் கட்சிக்குப் பத்தும் எதிர்க்கட்சிக்கு மூன்றும் வருமாறு வரையலாம் என்று குழுவிலேயே முன்மொழிந்தார். பதினொன்றுக்கு இரண்டு என்று வரைய முடியாது என்பதால்தான் பத்து என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கூடவே, ஜனநாயகக் கட்சி மேரிலாந்தில் இதே வேலையைச் செய்த வழக்கும் போனது. 2019இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது: கட்சி லாபத்துக்காக எல்லை வரைவது மத்திய நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய கேள்வி அல்ல. டெக்சாஸுக்குத் துணிச்சல் வந்ததில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

கனடாவும் சுத்தமாகப் பிறந்த நாடு இல்லை. 1882இல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டின் அரசு ஒன்ராறியோ தொகுதிகளை இப்படித்தான் வெட்டியது. எதிர்க்கட்சியான லிபரல்களுக்குக் 'கிரிட்' என்று ஒரு பெயர் உண்டு. அவர்களைச் சில தொகுதிகளுக்குள் ஒன்றாக அடைப்பதைத் தேனீக்களைக் கூட்டில் அடைப்பது என்றே அன்றைய அரசியல் பேச்சு வருணித்தது. மேலே சொன்ன குவித்தல்தான் இது.

அப்புறம் கனடா அந்தப் பேனாவை அரசியல்வாதிகளின் கையிலிருந்து வாங்கிவிட்டது. 1950களில் மானிட்டோபா மாகாணம் சுயாதீன ஆணைக்குழுவை அமைத்து வழிகாட்டியது. 1964இல் மத்தியச் சட்டம் வந்தது. இன்று ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு. தலைவராக ஒரு நீதிபதியை மாகாணத் தலைமை நீதிபதி நியமிப்பார், மற்ற இருவரை நாடாளுமன்றச் சபாநாயகர் நியமிப்பார். வரைவை வெளியிட்டு ஊர் ஊராக மக்கள் கருத்தைக் கேட்பார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஆனால் கடைசி முடிவு ஆணைக்குழுவினுடையது. 2021 கணக்கெடுப்புக்குப் பிறகு 338 தொகுதிகள் 343 ஆனதும், ஸ்காபரோவில் தமிழர்கள் பலர் வாக்களிக்கும் தொகுதிகளின் பெயர்களும் எல்லைகளும் மாறியதும் இப்படித்தான். 2025 ஏப்ரல் தேர்தலில் எத்தனையோ சண்டைகள் நடந்தன. யார் எல்லை போட்டார்கள் என்பது அவற்றில் ஒன்றாக இல்லை. அமெரிக்க அரசியலைப் பார்த்துப் பார்த்து நம் ஊரும் அப்படித்தான் என்று சலித்துக்கொள்ளும் கனேடியர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'தொகுதி மோசடி' என்று சிலருக்குத் தோன்றலாம். மோசடி என்றால் சட்டத்துக்குப் புறம்பு என்று ஆகிவிடும். இங்கே சிக்கலே, சட்டமன்றம் கூடி வாக்கெடுத்துச் செய்வதுதான். 'சூழ்ச்சி' என்றால் திரைமறைவு வேலை என்ற வாடை வரும். லூயிஸ் பேசியது திறந்த கூட்டத்தில்.

நான் முன்வைப்பது 'தொகுதித் திரிப்பு'. திரித்தல் நமக்குப் பழகிய வினை. கயிறு திரிக்கிறோம். ஒருவர் சொன்னதை மாற்றிச் சொன்னால் பேச்சைத் திரிக்காதே என்கிறோம். பொருள் அப்படியே இருக்க, அதன் வடிவத்தை முறுக்கி வேறு அர்த்தம் வரவைப்பதுதான் திரிப்பு. வாக்குகள் அப்படியே இருக்க, எல்லையை முறுக்கி வேறு முடிவு வரவைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. திரித்த தொகுதி, திரிப்பு வரைபடம், தொகுதிகளைத் திரித்தார்கள் என்று தேவைக்கேற்ப வளைத்தும் எழுதலாம்.

ஒரு எச்சரிக்கை. வளைந்த எல்லையெல்லாம் திரிப்பு ஆகாது. சிகாகோவில் இல்லினாயின் நான்காவது தொகுதி, காதுறை போட்டதுபோல இரண்டு உருண்டைகளும் நடுவில் ஒரு மெல்லிய கோடுமாக நெடுங்காலம் இருந்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வழி வேண்டும் என்பதற்காகப் போட்ட எல்லை அது. மாறாக, அழகான சதுரமாக வரைந்தும் ஒரு கட்சியைக் கவிழ்க்க முடியும். வடிவத்தைப் பார்த்துச் சொல்லை எடுக்கக் கூடாது. யார் வரைந்தார்கள், எதற்காக வரைந்தார்கள் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் கலிபோர்னியாவும் தப்பாது. டெக்சாஸுக்குப் பதிலடியாக, தன் சுயாதீன ஆணைக்குழு வரைந்த எல்லைகளை 2030 வரை ஒதுக்கிவைக்க, 2025 நவம்பரில் 'புரொப்பசிஷன் 50' என்ற பெயரில் மக்களிடமே வாக்கெடுத்தார்கள், வென்றார்கள். மக்களைக் கேட்டது டெக்சாஸ் செய்யாத நல்ல காரியம். ஆனால் புதிய வரைபடத்தின் நோக்கம் ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூட்டுவது. அதையும் தொகுதித் திரிப்பு என்றுதான் எழுத வேண்டும்.