காலாவதி: சொல் விளக்கம்

"அதிகாரிகள் திடீர் சோதனை, காலாவதியான பொருட்கள் பறிமுதல்." இப்படி ஒரு செய்தியைப் படித்ததும் கெட்டுப்போன பண்டம்தான் நம் மனதில் வருகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் கெடுவது என்ற பொருளே கிடையாது.

காலம் + அவதி = காலாவதி. வடமொழியில் அவதி என்றால் எல்லை. ஆக, காலாவதி என்பது வெறும் காலவரம்புதான். 'காலாவதி ஆகிவிட்டது' என்று சொல்லிச் சொல்லியே, வரம்பைக் குறித்த சொல் வரம்பு கடந்ததையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. கடன் பத்திரம், உரிமம், மருந்து எல்லாமே இன்று காலாவதி ஆகின்றன.

தமிழில் 'காலங்கடந்த பொருள்' என்றாலே போதும். 'கெடு முடிந்த' என்பதும் நல்ல வழக்குதான். கெடு என்றால் தவணை. உணவுக்கு மட்டும் அதைத் தவிர்ப்பேன். கெடு என்று காதில் விழுந்தாலே கெட்டுப்போன நினைப்பு வந்துவிடும்.

இதில் ஏன் இத்தனை கவனம்? பொட்டலத்தில் அச்சாகும் தேதி ஒரே வகை இல்லை. உலக நாடுகளுக்குப் பொதுவான உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், 2018இல் திருத்திய லேபிள் விதிகளில் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு தேதி கடந்தால் விற்கவும் கூடாது, உண்ணவும் கூடாது. இன்னொன்று, சுவையும் மணமும் குறையாமல் இருக்கும் என்று தயாரிப்பாளர் உறுதி தரும் நாள். அது போன பிறகும் உணவு உண்ணத் தக்கதாக இருக்கலாம். நாம் இரண்டையும் காலாவதி தேதி என்கிறோம். முன்னதை 'இறுதி நாள்', பின்னதை 'தரநாள்' என்று பிரித்துச் சொல்லலாம்.

சரி, சோதனைக்கு வருவோம். நல்ல ஆய்வாளர் தேதியைப் படிப்பதோடு விடமாட்டார், விரலால் தடவியும் பார்ப்பார். மையைக் கரைக்கும் தின்னர் திரவத்தில் நனைத்த துணியால் பழைய அச்சைத் துடைத்துவிட்டுப் புதிதாக அடித்திருந்தால், எழுத்தைச் சுற்றி மை லேசாகக் கலங்கியிருக்கும். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஓரம் தடித்திருக்கும். அப்புறம், பொட்டலத்தின் பேட்ச் எண்ணையும் தேதியையும் அது வந்த அட்டைப்பெட்டியில் இருப்பதோடு ஒப்பிடுவார். தேதியை மாற்றியவர்கள் பெட்டியில் மாற்ற மறந்திருப்பார்கள்!

அலமாரியின் பின்வரிசையில் மறந்துபோய்க் கிடந்த பொட்டலம் காலங்கடந்த பொருள். தேதியை அழித்து மாற்றி அடித்த பொட்டலம் வேறு. இதையும் 'காலாவதியான பொருள்' என்றே எழுதினால் மோசடி வெறும் கவனக்குறைவாகச் சுருங்கிவிடும். 'தேதி திருத்திய பொருள்' என்றே செய்தியில் வரவேண்டும்.