ஆடியோபுக் என்றால் ஒலிநூல், சரி. படிக்கிறவருக்கு என்ன பேரு?

ஆடியோபுக்குன்னா என்னன்னு இன்னைக்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லைங்க. திருப்பூர் போற பஸ்ஸுல காதுல மாட்டிட்டு கண்ண மூடி உக்காந்திருக்கறவங்க எல்லாரும் பாட்டு கேக்கறாங்கன்னு நாம நெனைச்சுட்டு இருப்போம், அதுல ஒருத்தரு ஏதோ ஒரு நாவல்ல மூணாவது அத்தியாயத்துல இருப்பாரு. ஆனா அதைத் தமிழ்ல என்னன்னு சொல்றது, அதுல படிக்கிற ஆளை என்னன்னு கூப்பிடறதுன்னு வந்தா ஆளாளுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க. முதல் விசயம் சுலபமா தீர்ந்துரும், ரெண்டாவதுல தான் வம்பு.

லத்தீன்ல ஆடியோன்னா 'நான் கேக்கறேன்'னு அர்த்தம், அந்த ஒத்தைச் சொல்லே ஒரு முழு வாக்கியம். ஆடியன்ஸ், ஆடிட்டோரியம் எல்லாம் அதே வேர்தான். நம்ம ஆடிட்டரும் அதே வேர்தானுங்க, அந்தக் காலத்துல கணக்கை வாயால படிச்சுக் காட்டுவாங்க, அவரு காதால கேட்டு சரி பாப்பாரு, அதனால 'கேக்கறவர்'னு பேரு. (இப்ப ஆடிட்டர் ஆபீசுல நாம சொல்றதை யாரு காது குடுத்துக் கேக்கறாங்கன்னு எனக்கு டவுட்டு, அது வேற கதை.)

இந்தச் சரக்குக்கு மொதல்ல இருந்த பேரு ஆடியோபுக் கிடையாது, பேசும் புத்தகம் தான். எடிசன் 1877ல சத்தத்தைப் பதிஞ்சு திருப்பிக் கேக்க வெக்கற போனோகிராப் மிசினைக் கண்டுபிடிச்சாரு, அடுத்த வருசமே இது எதுக்கெல்லாம் உதவும்னு ஒரு கட்டுரை எழுதறப்ப கண் தெரியாதவங்களுக்குச் சிரமமில்லாம பேசற புத்தகம்னு அதுல ஒண்ணு போட்டாரு. ஆனா நிசமா வந்து சேர ஐம்பது வருசத்துக்கு மேல ஆயிருச்சு. அமெரிக்காவுல பார்வையில்லாதவங்களுக்கான அமைப்பு 1930கள் தொடக்கத்துல ரெக்கார்டு தட்டுல புத்தகம் பதிய ஆரம்பிச்சது, இங்கிலாந்துல 1935ல, முதல் உலகப்போர்ல கண்ணு போன சிப்பாய்களும் அதுல முக்கியமான வாசகர்கள். ஒரு தட்டோட ஒரு பக்கத்துல கால் மணி நேரம்தான் புடிக்கும்னா ஒரு நாவலுக்கு எத்தனை தட்டு அடுக்கி வெக்கணும்னு பாத்துக்கங்க. அப்புறம் கேசட் வந்துச்சு, கார்ல போறவங்க கேக்க ஆரம்பிச்சாங்க, ஆடியோபுக்குங்கற பேரும் புழக்கத்துக்கு வந்துச்சு, 1994ல அமெரிக்க ஒலிப் பதிப்பாளர் சங்கம் இதுதான் பொதுப்பேருன்னு முடிவு பண்ணுச்சு. அடுத்த வருசம் ஒலிநூல் விக்கற ஆடிபிள் கம்பெனி ஆரம்பம், 2008ல அதை அமேசான் வாங்குச்சு. மத்ததெல்லாம் உங்க போன்லயே இருக்குது.

தமிழ்ல ஒலிப்புத்தகம்னும் சொல்றாங்க, ஒலிநூல்னும் சொல்றாங்க. ரெண்டும் தப்பில்லை. புத்தகம்ங்கறது வடமொழி புஸ்தகத்துல இருந்து வந்தது, நூல் நம்முது, அந்தக் கணக்குல பாத்தா ஒலிநூலுக்கு ஒரு ஓட்டு கூட. ஆனா நூலுங்கறதுல எங்க பக்கம் ஒரு சிக்கல் இருக்குதுங்க. கோயமுத்தூர், திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் நூல்னு சொன்னா யாரும் புத்தகத்தை நெனைக்க மாட்டாங்க, துணி நெய்யற நூலைத்தான் நெனைப்பாங்க. ஒலிநூல் வாங்கினேன்னு என்ற மச்சான்கிட்ட சொன்னா எத்தனாம் கவுண்டு (நூலோட சன்னத்துக்கு இருக்கற கணக்கு), கிலோ என்ன வெலைன்னு கேப்பாரு.

அவரு கேக்கறதும் நியாயம்தான். நூல்ங்கற சொல்லுக்கு எழுதின நூல்ங்கற பொருள் எப்படி வந்துச்சுன்னு நன்னூலே பஞ்சை வெச்சுத்தான் சொல்லுது. சொல்லு தான் பஞ்சு, செய்யுள் தான் இழை, புலவன் தான் நூல் நூக்கற பொம்பளை, அவனோட வாயே கை, அறிவே கதிர் (நூல் சுத்தற கம்பி), இப்படித்தான் நூல் முடியுதுன்னு பாட்டு. அடுத்த பாட்டுல மரத்தோட கோணலைத் தச்சர் நூல் காட்டிக் குடுக்கற மாதிரி மனசோட கோணலை எழுத்து நூல் தீர்க்கும்னு வருது. இதை எழுதின பவணந்தி முனிவரு பெருந்துறை பக்கம் சீனாபுரத்துக்காரருன்னு எங்க ஊர்ப்பக்கம் சொல்லிக்குவாங்க. நூக்கற நாட்டுக்காரரு நூலுக்கு விளக்கம் சொன்னா பஞ்சும் கதிரும் இல்லாம எப்படி. அதுலயும் பாருங்க, அவரு கையி இருக்க வேண்டிய எடத்துல வாயைத்தான் வெச்சிருக்காரு, எழுத்தாணியை இல்லை. அப்ப ஒலிநூல்ங்கறது புதுசா ஒட்டவெச்ச பேரு மாதிரியே எனக்குத் தெரியலை, பேசாம அதையே வெச்சுக்கலாம்.

இனி வம்புக்கு வருவோம். நேரேட்டர். லத்தீன்ல நர்ராரேன்னா எடுத்துச் சொல்றது, அதுக்கும் அடியில இருக்கறது 'அறிஞ்சவன்'ங்கற சொல்லு, வடமொழி ஞானத்துக்கும் அதுக்கும் ஒரே வேர். இங்கிலீசுல இந்த ஒரே சொல்லு ரெண்டு ஆளுக்கு ஓடுது. கதைக்குள்ள நின்னு கதையைச் சொல்ற குரலும் நேரேட்டர், ஸ்டூடியோவுல உக்காந்து அதைப் படிக்கறவரும் நேரேட்டர். தமிழ்ல முதல் ஆளுக்கு கதைசொல்லின்னு நல்ல சொல்லு ஏற்கனவே இருக்குது, இலக்கிய விமர்சனத்துல எல்லாரும் புழங்கறதுதான். இப்ப ஒலிநூல் போடறவங்க ஸ்டூடியோ ஆளுக்கும் அதே பேரைத் தூக்கி வெச்சிட்டாங்க. இதனால என்ன ஆகுதுன்னா, 'கதைசொல்லி ரொம்ப அலட்டிக்கறாரு'ன்னு யாராவது எழுதினா அது எழுத்தாளர் மேல இருக்கற குறையா, படிச்சவர் மேல இருக்கற குறையான்னு புரியாது.

அதுவும் போக, கதைசொல்லின்னா எங்க ஊருல யாருன்னு ஒரு நெனப்பு இருக்குது. உடுக்கை அடிச்சு அண்ணமார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை பாடறவங்க தான் அது. ராத்திரி ராத்திரியா நடக்கும், முன்னால ஒருத்தரு பாடுவாரு, கூட ஒருத்தரு ஆமாம் போட்டு எடுத்துக் குடுப்பாரு, கூட்டம் தூங்கி வழிஞ்சா கதை வேகம் புடிக்கும், பொம்பளைங்க அழுதா அந்த எடத்துல நின்னு இன்னும் நாலு வரி இழுத்துப் பாடுவாரு. மானுடவியல் ஆராய்ச்சிக்காக காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல தங்கின பிரெண்டா பெக் அம்மா 1965ல இந்தக் கதையை டேப்புல பதிஞ்சாங்க. அதைப் பதிவுன்னு சொல்லலாம், ஆடியோபுக்குன்னு சொல்ல முடியாது, ஏன்னா பாடினவரு முன்னால ஏடு ஒண்ணும் இல்லை, கதை அவரு கைவசம். அவரு இஷ்டத்துக்கு நீட்டலாம், குறைக்கலாம். ஒலிநூல் படிக்கறவருக்கு அந்த உரிமை கிடையாது, ஒரு வரியைக் கூட மாத்தக் கூடாது. அப்புறம் அவரை எப்படிங்க கதைசொல்லின்னு சொல்றது?

பேரு தப்பானா வேலையும் தப்பாகுதுங்கறது என்ற அபிப்பிராயம். கதைசொல்லின்னு சொன்னதும் மைக்குக்கு முன்னால உக்காந்தவரு கதையைத் தன்னோடதா நெனைச்சுக்கறாரு. பாத்திரம் அழறதுக்கு முன்னாலயே இவரு அழறாரு. பொம்பளைக் குரல்னா கீச்சுன்னு ஒரு குரல், வயசானவங்கன்னா இருமல், சாவு வீட்டுக் காட்சியில பின்னால புல்லாங்குழல் வேற. நான் வேலைக்குப் போறப்ப வாரப்ப கேக்கறவன், எனக்கு இதெல்லாம் வேண்டாம். குரலை லேசா ஒரு படி ஏத்தி எறக்கினாப் போதும், யாரு பேசறாங்கன்னு எங்களுக்குத் தெரியும். கொங்கு ஆளு ஒருத்தரு கதையில வந்துட்டா போதும், சினிமா காமெடி மாதிரி ஏனுங்கன்னு இழுத்து ஒரு ராகம் போட்டுர்றாங்க. நாங்க கோவத்துலயும் ங்க போட்டுத்தான் திட்டுவோம், அது சிரிக்கறதுக்கு இல்லைங்க.

இவங்க நிசமா கவனம் வெக்க வேண்டிய எடம் வேற. எங்க பக்கத்து நாவல் ஒண்ணுல 'முத்து என்ற மாமன் மகன்'னு ஒரு வரி வருதுன்னு வெச்சுக்கங்க. கொங்குல என்றன்னா என்னோடன்னு அர்த்தம், முத்துங்கறவன் எனக்கு மாமன் பையன்னு சொல்றாங்க. முத்துன்னு சொல்லிட்டு ஒரு சின்ன எடைவெளி விட்டாத்தான் அது நிக்கும். வெளியூர் ஆளு அதை ஒரே மூச்சுல படிச்சா முத்துன்னு பேரு வெச்ச ஒரு மாமன் மகன்னு ஆகிப்போகும், வாக்கியம் முடியாம தொங்கும், கேக்கறவன் அடுத்து என்ன ஆச்சுன்னு காத்துக்கிட்டே இருப்பான். எழுத்துல ரெண்டும் ஒண்ணுதான், வித்தியாசம் படிக்கறவரு மூச்சுல இருக்குது. பாவம்னு எழுதினா அது முகபாவமா, பண்ணின பாவமான்னு நம்ம எழுத்து சொல்லாது, வாய் தான் சொல்லணும். கோபின்னு வந்தா கோபிசெட்டிபாளையம்ங்கற ஊரான்னு பாக்கணும், ஆளான்னு பாக்கணும்.

இன்னொண்ணு, நம்ம கதைகள்ல பேச்சு முதல்ல வரும், என்றான் என்றாள்ங்கறது கடைசியில வரும். கண்ணால படிக்கறவங்க ஒரு நொடியில கீழ பாத்துக்குவாங்க. காதால கேக்கறவனுக்கு அந்த வசதி இல்லை. படிக்கறவரு முன்னாடியே அத்தியாயத்தைப் பாத்து வெச்சிருக்கலைன்னா ஆத்தா பேசினதைப் பேத்தி குரல்ல சொல்லிட்டு, கடைசியில 'என்றாள் கிழவி'ன்னு வந்ததும் தடுமாறுவாரு. அந்தத் தடுமாற்றம் எனக்கு பஸ் சத்தத்துலயும் கேக்குது. வினை கடைசியில நிக்கற மொழிங்க இது, நீளமான வாக்கியத்துல மூச்சை எங்க எடுக்கணும்னு தெரியாம நடுவுல முடிச்ச மாதிரி குரலை எறக்கினா அத்தனையும் வீணு. ஒன்றரை மடங்கு வேகத்துல வெச்சுக் கேக்கறவங்க இதைப் பத்திக் கவலைப்படறதில்லை, அவங்க பாடு.

சரி, அப்ப என்ன பேரு? ஓதுவார்ங்கற சொல்லு அழகா இருக்குது, ஓதுதல்னாலே வாய்விட்டுப் படிக்கறது தான், ஆனா பேரூர் கோயில்ல தேவாரம் பாடறவருக்கு அது உரியதாகிப்போச்சு, திரும்ப வாங்க முடியாது. எடுத்துரைப்பாளர்னு சிலர் சொல்றாங்க, அது மேடையில நிக்கற ஆளு மாதிரி இருக்குது. குரல் கலைஞர்னா டப்பிங். எனக்கு வாசிப்பாளர் தான் சரின்னு படுது. வாசிக்கறதுங்கறது வடமொழி வேர்தான், அதனால ஒண்ணும் கொறைஞ்சிராது. தமிழுக்கு வந்தப்புறம் அது புத்தகத்துக்கும் ஆச்சு, நாதஸ்வரத்துக்கும் ஆச்சு, இன்னொருத்தரு போட்ட உருப்படியைத் தன்னோட மூச்சுல கொண்டு வர்றதுன்னு ரெண்டுக்கும் பொதுவா ஒரு அர்த்தம் உக்காந்திருக்குது, இந்த வேலைக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி. போதாததுக்கு ரேடியோக்காரங்க செய்தி வாசிப்பாளர்னு எப்பவோ பழக்கிக் குடுத்துட்டாங்க. கோவை வானொலி 1966ல வந்ததுல இருந்து எங்க பக்கத்துப் பெருசுகளுக்கும் காதுக்குப் பழகின பேரு அது. செய்தி எழுதினவரு வேற, வாசிக்கறவரு வேறன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் அவரைச் செய்திசொல்லின்னு கூப்பிட்டதில்லை.

மத்த பேரெல்லாம் சுருக்கமா சொல்லிர்றேன். பல பேரு நடிச்சு, கதவு சாத்தற சத்தம் வண்டிச் சத்தமெல்லாம் சேத்தா அது ஒலிநாடகம், நல்ல சரக்குதான், ஆனா ஒலிநூல்னு விக்கக் கூடாது. வெட்டிக் குறைச்சதுன்னா சுருக்கப் பதிப்புன்னு அட்டையிலயே போடணும், கேசட் காலத்துல எடம் பத்தாம வெட்டினாங்க, இப்ப என்ன கேடு. பாட்காஸ்ட்டுக்கு வலையொலின்னு பேரு வந்து நல்லா ஓடிட்டு இருக்குது.

கம்ப்யூட்டர் குரல்ல படிக்கறது இப்ப எச்சாயிட்டு வருது, கண் தெரியாதவங்களுக்கு ஒரு புத்தகம் ஒரு நாள்ல கையில கெடைக்குதுன்னா அது பெரிய விசயம், அதை நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா அட்டையில வாசிப்புன்னு போட்டு கீழ ஒரு மனுசப் பேரைக் கற்பனையா வெக்கறாங்க பாருங்க, அது வேண்டாங்க, இயந்திரக் குரல்னே போடட்டும். அந்த முத்து வரியை அதுகிட்டக் குடுத்துப் பாத்தேன், மூச்சே விடாம ஒரே இழுப்பா இழுத்துருச்சு.