செடியின் ஹார்மோனுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஹார்மோன். பெயர்ச்சொல். பள்ளிப் பாடநூலிலும் மருத்துவர் எழுதித் தரும் பரிசோதனைச் சீட்டிலும் தினமும் புழங்குகிற சொல். மனித உடலைப் பற்றிப் பேசும்போது அதற்குத் தமிழ் தேடுவதில் பெரிய சிரமம் இல்லை. செடியைப் பற்றி எழுத உட்கார்ந்தால்தான் கை நிற்கிறது. இயக்குநீர், சுரப்புநீர், வளரூக்கி என்று மூன்று சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல் இவற்றோடு ‘தாவர வளர்ச்சி ஒழுங்குபடுத்தி’ என்ற நீளமான தொடரையும் தருகிறது. இலங்கையில் ‘ஓமோன்’ என்றே எழுதுகிறார்கள். முதல் மூன்றையும் செடியின் மேல் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் இடறுகிறது. அந்த இடறல்களைப் பின்தொடர்ந்து போனால் செடி எப்படி வளர்கிறது என்பதே தெரிந்துவிடும் என்பதால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

முதலில் மூலம். 1902-இல் லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இரைப்பையிலிருந்து அமிலம் சிறுகுடலுக்கு வந்ததும் கணையம் தன் நீரைச் சுரக்கிறது. நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டுப் பார்த்தபோதும் அது சுரந்தது. அப்படியானால் சேதி நரம்பு வழியே போகவில்லை, இரத்தத்தில் கரைந்து போகிறது. இப்படிச் சேதி கொண்டுபோகும் பொருள்களுக்கு ஸ்டார்லிங் 1905-இல் ஒரு பொதுப்பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ‘ஹொர்மாவோ’ என்றால் ஏவுதல், கிளப்பிவிடுதல். அதிலிருந்து வந்ததுதான் ஹார்மோன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலச்சொல்லில் சுரப்பு இல்லை, நீர் இல்லை, வளர்ச்சியும் இல்லை. இருப்பது ஏவல் ஒன்றே. மற்றவை நாம் மொழிபெயர்க்கும்போது சேர்த்தவை.

‘சுரப்பு’ என்பதை முதலில் பார்ப்போம். தைராய்டு, கணையம் போல ஹார்மோனுக்கென்று தனியாக ஒரு சுரப்பி செடியில் கிடையாது. இளங்குருத்து, வேர்நுனி, முற்றுகிற விதை, வாடத் தொடங்கிய இலை என்று வளர்ந்துகொண்டோ முதிர்ந்துகொண்டோ இருக்கிற திசுக்களே அவற்றை உண்டாக்குகின்றன. 1880-இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் நாற்றின் முளைக்குருத்தை ஒரு பக்க வெளிச்சத்தில் வைத்தார்கள். குருத்து வெளிச்சத்தை நோக்கி வளைந்தது. நுனிக்கு மட்டும் குல்லாய் போட்டு மறைத்தபோது வளையவில்லை. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவதோ அதற்குக் கீழே உள்ள பகுதி. இடையில் ஏதோ இறங்கிவர வேண்டும்.

அது ஒரு பொருள்தான் என்று காட்டியவர் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் இருந்த ஃபிரிட்ஸ் வென்ட். 1926-இல் அவர் ஓட்ஸ் நாற்றின் குருத்துநுனிகளை நறுக்கி, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் கூழ்த்துண்டின் மேல் சிறிது நேரம் வைத்தார். பிறகு நுனிகளை எறிந்துவிட்டு, அந்தக் கூழைச் சிறு கட்டியாக வெட்டி, நுனி இல்லாத குருத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் உட்காரவைத்தார். இருட்டில்தான் வைத்தார். இருந்தும் குருத்து வளைந்தது. கூழ் இருந்த பக்கம் அதிகமாக நீண்டு, குருத்தை மறுபக்கம் தள்ளிவிட்டது. வெறும் கூழை வைத்தபோது எதுவும் நடக்கவில்லை. நுனியிலிருந்து கூழுக்குள் ஊறியிருந்த அந்தப் பொருள்தான் ஆக்சின். ‘வளர்த்தல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். முருங்கையின் தலையைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் அடர்ந்து வருவதற்குப் பின்னாலும் இதுவே இருக்கிறது. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் பக்க மொட்டுகளைத் தூங்கவைத்திருக்கும். நுனி போனதும் அவை விழித்துக்கொள்கின்றன. ஆக, ‘வளர்த்தல்’ என்று பெயர் பெற்ற பொருளே ஓரிடத்தில் வளர்ச்சியைத் தடுத்தும் வைக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ‘வளரூக்கி’க்கு வரும்போது உதவும்.

அடுத்து ‘நீர்’. வாழைத்தாரைப் பழுக்கவைக்க மூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றுப் போகாத அறையிலோ குழியிலோ தார்களை அடுக்கி, மண்சட்டியில் வைக்கோலும் வரட்டியும் போட்டுப் புகையவிட்டு, கதவிடுக்கைக்கூடச் சாணத்தால் பூசி மூடிவிடுவார்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ திறந்தால் பச்சை வெளிறியிருக்கும், காம்புப் பக்கம் மஞ்சள் ஏறத் தொடங்கியிருக்கும். சூட்டால் பழுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். சூடும் ஓரளவுக்கு உதவுகிறது. ஆனால் முக்கிய வேலையைச் செய்வது புகையில் இருக்கும் எத்திலீன். அது ஒரு வாயு. ‘கல்’ வைத்துப் பழுக்கவைக்கிறார்கள் என்று நாம் அஞ்சுகிற கால்சியம் கார்பைடு, ஈரம் பட்டால் அசெட்டிலீனை விடுகிறது. எத்திலீனின் சாயலில் இருப்பதால் அசெட்டிலீனும் காயை ஏமாற்றிப் பழுக்கவைக்கிறது. அதோடு நச்சு மாசுகளும் வருவதால்தான் கார்பைடுக்குத் தடை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1901-இல் திமித்ரி நெல்யூபோவ் என்ற ஆய்வாளர், சோதனைச்சாலையில் முளைத்த பட்டாணி நாற்றுகள் மட்டும் குட்டையாகி, தடித்து, படுக்கைவசத்தில் வளர்வதைக் கண்டார். விளக்குக்கு எரித்த வாயுவிலிருந்து கசிந்த எத்திலீன்தான் காரணம் என்று காட்டினார். செடியே இந்த வாயுவை உண்டாக்குகிறது என்பது பின்னால்தான் உறுதியானது. பழுத்த பழம் ஒன்று பக்கத்துக் காய்களையும் பழுக்கவைப்பது இதனால்தான். காற்றில் மிதந்து ஒரு பழத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற ஒன்றை ‘இயக்குநீர்’ என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது ‘வளரூக்கி’. உரக்கடைகளில் ‘பயிர் ஊக்கி’ என்று கேட்டுப் பழகியதால் இதுதான் காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அப்சிசிக் அமிலம் என்ற செடி ஹார்மோனை என்ன செய்வது? மண்ணில் ஈரம் வற்றியதும் இலைத்துளைகளை மூடச்சொல்வது அது. முற்றிய விதை தாய்ச்செடியிலேயே முளைத்துவிடாமல் உறங்கவைப்பதும் அதுதான். அதை ஊக்கி என்றால் பொருள் தலைகீழாகிவிடும். இதன் ஆங்கிலப் பெயரும் சரியில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இலையையும் காயையும் உதிர்ப்பது இதுதான் என்று 1960-களில் கருதி, ‘வெட்டி விலக்குதல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லை அதற்கு வைத்தார்கள். உதிர்ப்பதில் பெரும்பங்கு எத்திலீனுக்கு என்பது பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

ஹார்மோன் பெயர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஜிப்பரெல்லின். ஹார்மோனும் மரபணுவும் கைகோக்கும் இடத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற கதை வேறில்லை.

ஜப்பானில் நெல் நாற்றங்காலில் ஒரு நோய் வரும். சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றை மிஞ்சி, வெளிறி, ஒல்லியாக ஓங்கி வளரும். பிறகு சாய்ந்துவிடும், அல்லது பதராகப் போகும். ஜப்பானியர் இதற்கு ‘பக்கனாயே’ என்று பெயர் வைத்தார்கள். முட்டாள் நாற்று என்று பொருள். காரணம் ஒரு பூஞ்சை. தைவானில் பணியாற்றிய எய்ச்சி குரோசாவா 1926-இல் அந்தப் பூஞ்சையை வளர்த்த நீரை வடிகட்டி, பூஞ்சையே இல்லாத வடிநீரை மட்டும் நாற்றுக்குக் கொடுத்தார். அப்போதும் நாற்று அதே போல ஓங்கி வளர்ந்தது. 1935-இல் தெய்ஜிரோ யாபுதா அந்தப் பொருளுக்குப் பூஞ்சையின் பெயரிலிருந்தே பெயர் எடுத்தார். அந்தப் பூஞ்சை ஜிப்பரெல்லா. லத்தீனில் ‘கிப்பர்’ என்றால் கூன், திமில். பூஞ்சையின் வடிவத்துக்கு வைத்த பெயர், தண்டை நிமிர்த்தி உயர்த்துகிற பொருளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. செடிகள் தாமாகவே இதை உண்டாக்குகின்றன என்பது 1950-களில் தெரிந்தது. முட்டாள் நாற்றுக்குள் பூஞ்சை ஊற்றியது நெல்லின் சொந்த மொழியையே, அளவுக்கு மீறி.

அதே தைவானிலிருந்துதான் இதன் மறுபாதியும் வந்தது. டீ-ஜியோ-வூ-ஜென் என்பது அங்கே விளைந்த குட்டை நெல். அதை இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பீட்டாவோடு சேர்த்து, பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் வெளியிட்டதுதான் ஐ.ஆர்.8. நம் பழைய நெட்டை ரகங்களுக்கு உரத்தைக் கூட்டினால் பயிர் மேலே போகும், கதிர் கனத்ததும் ஒரு மழைக்கே சாய்ந்துவிடும். ஐ.ஆர்.8 ஏறக்குறைய ஒரு மீட்டரில் நின்றது, உரத்தை மணியாக்கியது. ஏன் குட்டை என்ற கேள்விக்கு விடை 2002-இல் கிடைத்தது. ஜிப்பரெல்லின் தயாராகும் வழியில் ஒரு படியைச் செய்து முடிக்கிற நொதியின் குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கிறது. டீ-ஜியோ-வூ-ஜென்னில் அந்த மரபணுவிலிருந்து 383 டி.என்.ஏ. எழுத்து இணைகள் காணாமல் போயிருந்தன. நொதி இல்லை, தண்டில் ஜிப்பரெல்லின் குறைவு, பயிர் குட்டை. பூவில் அதே வேலையைச் செய்ய இன்னொரு மரபணு இருப்பதால் மணி பிடிப்பதில் குறை வரவில்லை.

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் 1850-60-களில் எண்ணிக்கை எடுத்த நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி வேறுபாடும் ஜிப்பரெல்லின் நொதி ஒன்றில்தான் இருந்தது என்று 1997-இல் கண்டார்கள்.

கோதுமையின் கதை இன்னும் நுட்பமானது. பசுமைப் புரட்சிக் கோதுமைகளுக்குக் குட்டைத்தன்மையைக் கொடுத்தது ஜப்பானின் நோரின் 10. அதில் ஜிப்பரெல்லினுக்குப் பஞ்சமில்லை. வெளியிலிருந்து தெளித்தாலும் தண்டு நீளாது. செடிக்குள் டெல்லா என்ற புரதங்கள் இருக்கின்றன, வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துவது அவற்றின் வேலை. ஜிப்பரெல்லின் தன்னை வாங்கிக்கொள்ளும் புரதமான ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் அந்த ஏற்பி டெல்லாவைப் பற்றிக்கொள்கிறது. உடனே டெல்லாவுக்கு அழிவுக் குறி இடப்பட்டு, செல் அதைச் சிதைத்துவிடுகிறது. தடை விலகியதும் தண்டு நீள்கிறது. நோரின் 10-இன் டெல்லாவில் அந்தப் பிடி கிடைக்கிற பகுதியே மாறிப்போயிருந்தது. ஏவல் வந்து சேர்கிறது, தடை மட்டும் விலகுவதில்லை. நெல்லில் ஏவல் குறைந்தது, கோதுமையில் ஏவல் பலிக்கவில்லை. வயலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே குட்டைதான்.

‘மரபணு’ என்ற சொல்லையும் இங்கே தொட வேண்டும். ‘ஜீன்’ என்ற சொல்லை 1909-இல் உருவாக்கியவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சென். இலங்கைப் பாடநூல்கள் ‘பரம்பரையலகு’ என்கின்றன. மரபு, அணு இரண்டும் சேர்ந்த நம் சொல் சுருக்கமானது, நன்றாக வேரூன்றிவிட்டது. குறை ஒன்றுதான்: ‘அணு’ என்றதும் உயரம் என்ற குணமே ஒரு பொட்டாக உள்ளே உட்கார்ந்திருப்பது போலத் தோன்றிவிடுகிறது. உள்ளே இருப்பது உயரம் அல்ல, ஒரு நொதியையோ ஏற்பியையோ டெல்லாவையோ செய்வதற்கான குறிப்பு. அந்தக் குறிப்பிலிருந்து உயரம் வரைக்கும் உள்ள தூரத்தைக் கடப்பது ஹார்மோன்.

இன்னொரு சொல்லிலும் இலங்கை வழக்கு நமக்கு உதவும். பருமனும் நீளமும் கூடுவதை அங்கே வளர்ச்சி என்கிறார்கள், வேர், இலை, பூ என்று உருவம் பிரிவதை விருத்தி என்கிறார்கள். தமிழ்நாட்டில் இரண்டுக்கும் பெரும்பாலும் ‘வளர்ச்சி’யே. பிரித்துச் சொல்வதுதான் நல்லது. 1957-இல் ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் உருவமற்ற புகையிலைத் திசுக்கட்டியில் ஆக்சினைக் கூட்டி, செல் பிரிவைத் தூண்டும் இன்னொரு ஹார்மோனான சைட்டோகைனினைக் குறைத்தார்கள், வேர் வந்தது. விகிதத்தை மாற்றினார்கள், தளிர் வந்தது. அதே திசு, அதே மரபணுக்கள். இது விருத்தி. சைட்டோகைனின் நமக்கு அந்நியமானதல்ல, இளநீரில் இருக்கிறது. 1941-லேயே செடிக்கரு வளர்ப்புச் சோதனையில் தேங்காய் நீரைச் சேர்த்துப் பயன் கண்டிருக்கிறார்கள். இயற்கை உழவர்கள் தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்துத் தெளிக்கிற தேமோர்க் கரைசலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும்.

சரி, எந்தச் சொல்? மூலத்துக்கு மிக நெருக்கமானது ‘ஏவி’. இலக்கணத்திலும் ‘வளர்’, ‘நில்’, ‘உதிர்’ எல்லாம் ஏவல்தான், ஒரு சொல்லில் கட்டளை. ஆனால் ஏவல், பில்லி, சூனியம் என்று பேச்சில் அது வேறு பக்கம் போய்விட்டது. எனக்குப் படுவது இது: ‘இயக்குநீர்’ என்பதிலிருந்து நீரை மட்டும் இறக்கிவிட்டு ‘இயக்கி’ என்று வைத்துக்கொள்ளலாம். செடியைப் பேசும்போது ‘தாவர இயக்கி’. கணினிக்காரர்களும் இதை வேறு பொருளில் எடுத்திருக்கிறார்கள், ஆனால் ‘தாவர’ முன்னால் நின்றால் குழப்பம் வராது. வாயுவான எத்திலீனும் இதில் அடங்கும், நிறுத்தச்சொல்லும் அப்சிசிக் அமிலமும் அடங்கும். இலைத்துளையை மூடுவதும் ஓர் இயக்கம்தானே. மனித உடலுக்கு இயக்குநீர் என்பதே இருக்கட்டும். ஆக்சின், ஜிப்பரெல்லின், எத்திலீன் போன்ற தனிப்பெயர்களை அப்படியே எழுதுவதுதான் முறை.

எழுதும்போது: ‘நெல்லின் உயரத்தை ஜிப்பரெல்லின் என்ற தாவர இயக்கி தீர்மானிக்கிறது.’ ‘வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற இயக்கி இலைத்துளைகளை மூடுகிறது.’ மாமரம் பூப்பதற்காக வேர்ப்பகுதியில் ஊற்றுகிற பேக்லோபியூட்ரசால் ஜிப்பரெல்லின் உண்டாவதைத் தடுப்பது. அதை ‘ஊக்கி’ என்று எழுதக் கூடாது, ‘இயக்கித் தடுப்பி’ என்று எழுத வேண்டும். ஊக்கி என்று நம்பி அளவைக் கூட்டினால் மறு ஆண்டு தளிர்கள் குறுகிக் கொத்துக் கொத்தாக நின்றுவிடும்.